குழாய்ப் பிடிகள்

கட்டடம் எழுப்புவோர் கல்லுக்கும் கம்பிக்கும் சீமெந்துக்கும் கணக்குப் பார்ப்பர். குழாய்ப் பிடிகளைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. இரும்புக் கடையிலே ‘கிளிப்’ என்றோ ‘கிளாம்ப்’ என்றோ கேட்டுக் கைநிறைய வாங்கி வருவதோடு அவ்விடயம் முடிந்துவிடுகின்றது. ஆயினும், நேயர்களே, மாடிவீட்டிலே குழாய் மூட்டுகள் கசிவதற்கும், இரவிலே சுவரை யாரோ தட்டுவது போன்ற ஓசை எழுவதற்கும் பலவேளைகளிற் காரணமாயிருப்பது குழாயன்று. அதனைப் பற்றியிருக்கும் பிடியே.

பிடி செய்யவேண்டிய தொழில்கள் இரண்டு. ஒன்று, சுமப்பது. மற்றையது, வேண்டிய இடத்திலே குழாயை அசையவிடுவது. இரண்டாவதையே நம்மிற் பலர் மறந்துவிடுகின்றனர்.

சுமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயொன்றில் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறக்குறைய 8 கிலோகிராம் நீர் நிற்கின்றது. அச்சுமையைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் வலிமை இரும்புக்கு உண்டு, பி.வி.சி. குழாய் நாளடைவில் தொய்ந்துவிடும். ஆதலின், கிடையாக ஓடும் சிறிய பி.வி.சி. குழாய்க்கு ஒரு மீற்றருக்குள்ளேயே அடுத்த பிடி வேண்டும். அதே பருமனுள்ள இரும்புக் குழாயாயின் இரண்டு மீற்றர் இடைவெளி பொறுக்கும். வால்வுக்கும் தண்ணீர்த் திருகுக்கும் அருகிலே தனியாக ஒரு பிடி இடுதல் வேண்டும். அவற்றைத் திருப்பும் கையின் விசையைக் குழாய் மூட்டுத் தாங்கலாகாது.

இனி, அசைவு. காலையில் 25 பாகையிலிருக்கும் பத்து மீற்றர் பி.வி.சி. குழாய் நண்பகல் வெயிலில் 55 பாகைக்கு ஏறுகின்றது எனக் கொள்வோம். அது ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் நீண்டுவிடும். இரும்பாயின் 4 மில்லிமீற்றரும் நீளாது. அந்த 2 சென்ரிமீற்றர் எங்கே போவது?

இரண்டு மாடிப் பாடசாலைக் கட்டடம் ஒன்றிலே கண்டதைச் சொல்கின்றேன். மேற்றளத்துத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து கழிவறைவரை பி.வி.சி. குழாய் வெயிலிலே ஓடியது. உறுதியாக இருக்கட்டுமென்று எல்லாப் பிடிகளையும் இறுக முறுக்கியிருந்தனர். பங்குனி பிறந்தால் கடைசி முழங்கை மூட்டுக் கசியும்; பசை பூசி ஒட்டுவர்; சித்திரையில் மறுபடியும் கசியும். பிள்ளைகள் கிணற்றிலிருந்து வாளியிலே நீர் சுமந்தனர். குழாய் தரமற்றது என்று சொல்லி முழுவதையும் மாற்றவும் முனைந்தார்கள். முதிய குழாய்த் தொழிலாளர் ஒருவர் வந்து பார்த்தார். தாங்கியின் வால்வருகே இருந்த பிடியை மட்டும் இறுக்கமாக விட்டு, ஏனையவற்றைக் குழாய் வழுக்கிச் செல்லுமாறு தளர்த்தினார். முழங்கையை ஒட்டியிருந்த பிடியைக் கழற்றிச் சற்றுத் தள்ளி வைத்தார். அரைநாள் வேலை. அதன்பின் அந்த மூட்டுக் கசியவில்லை.

அவர் செய்ததன் தத்துவம் இதுவே: நேராக ஓடும் குழாய்க்கு ஓரிடத்திலே நிலைப்பிடி, மற்றெங்கும் நகர்பிடி. இரண்டு நிலைப்பிடிகள் வேண்டுமாயின், அவற்றிடையே குழாய் வளைந்து கொடுக்கும் திருப்பமோ, விரிவு மூட்டோ இருத்தல் வேண்டும். நகர்பிடியின் உட்புறம் குழாயினும் சிறிது அகன்றும், ஓரங்கள் மழுங்கியும் இருக்கவேண்டும். கூரிய தகடு நாள்தோறும் உராய்ந்து பிளாஸ்ரிக்கை அறுத்துவிடும்.

தட்டும் ஓசைக்குக் காரணம் வேறு. ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறுகின்றது. ருசிய அறிஞர் ஜூக்கோவ்ஸ்கி மொஸ்கோ நகரக் குழாய்களில் ஆராய்ந்து 1898ஆம் ஆண்டில் இதற்குக் கணக்குத் தந்தார். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் இரும்புக் குழாயில் ஓடும் நீர் கணத்திலே நின்றால், 100 மீற்றருக்கு மேற்பட்ட நீர்நிரலின் அழுத்தம் எழும். பிடி தளர்ந்திருந்தால் குழாய் துள்ளிச் சுவரில் மோதும். இங்கே இறப்பர் உறையிட்ட பிடி பெரிதும் உதவும். வால்வை மெல்ல மூடுவது அதனினும் உதவும்.

உலோகத்தையும் பார்த்து வாங்குதல் வேண்டும். செம்புக் குழாயை நாகம் பூசிய இரும்புப் பிடியால் நேரே பற்றினால், ஈரம் பட்டவிடத்து நாகமும் பின் இரும்பும் விரைவில் அரிக்கப்படும். கடற்கரையூர்களிலே சாதாரண இரும்புப் பிடி உப்புக் காற்றுக்கு நெடுநாள் நில்லாது. விலை கூடினாலும் துருவேறாத உருக்கே தக்கது. பிடி நல்லதாயினும் அதன் திருகாணி சாந்துப் பூச்சோடு நின்றுவிட்டாற் பயனில்லை. ரோல் பிளக் பூச்சைக் கடந்து கல்லுக்குள் இறங்கவேண்டும். உட்குழிந்த சீமெந்துக் கல்லாயின் அதற்கென அமைந்த பிளக் வாங்கவேண்டும்.

வெயிலிற் கிடக்கும் பி.வி.சி. குழாய்க்கு வெளிர்நிற வர்ணம் பூசுதல் நல்ல வழக்கம். வெயில் அதனை நொறுங்கச் செய்யும். ஆனால், வர்ணம் பூசுபவர் நகர்பிடியின் இடைவெளியையும் சேர்த்து அடைத்துவிடுவதுண்டு. அவர் தூரிகையை எடுக்குமுன்னரே அதனைச் சொல்லிவைத்தல் வேண்டும்.