விருப்பம் எப்போது சுதந்திரமாகிறது?

"என் பணம், என் விருப்பம். இதில் கேள்வி கேட்க அடுத்தவர் யார்?" என்ற பேச்சை இன்று வீடுகளிலும் கடைத்தெருவிலும் நாம் அடிக்கடி கேட்கிறோம். தனிமனித சுதந்திரம் விலைமதிப்பற்றது. அதைக் குறைத்துப் பேச நம்மில் யாருக்கும் மனம் வராது. ஆனால் ஒருவருடைய விருப்பம் இன்னொருவருடைய வாழ்வைத் தொடும்போது என்ன செய்வது? இக்கேள்வியைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட, காஞ்சிபுரத்துத் தறி ஒன்றின் அருகே நின்று சிந்தித்துப் பார்ப்பது பயன் தரும்.

இருவர் நெய்யும் சேலை

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை நெசவு. சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருக்கும். இரண்டும் நெசவிலேயே ஒன்றோடொன்று கோக்கப்படுவதால், துணி நைந்தாலும் கரை எளிதில் பிரிந்து வராது. இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. ஒருவரே தறியில் உட்கார்ந்து மூன்றையும் கையாள்வது கடினம். எனவே மறுபக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பித் தர ஓர் உதவியாளர் வேண்டும்.

அந்த உதவியாளரின் இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். சிலர் சொந்த வீட்டுப் பிள்ளைகள். வேறு சிலர், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள். கடன் தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. கூலியோ கடனைத் தீர்க்கும் அளவுக்கு இருந்ததில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2003ஆம் ஆண்டு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில், கர்நாடகம், உத்தரப்பிரதேசம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சியால் ஏராளமான பிள்ளைகள் தறியிலிருந்து பள்ளிக்குத் திரும்பினர் என்பதையும் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

"அவர்களாகவே ஒத்துக்கொண்டார்கள்"

அன்று முன்பணம் கொடுத்தவரிடம் கேட்டிருந்தால், "நான் யாரையும் வற்புறுத்தவில்லை. அவர்களாகவே வந்தார்கள், கேட்டார்கள், கொடுத்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார். வெளிப்பார்வைக்கு அது உண்மையும்கூட. பெற்றோர் சம்மதித்தனர், கையெழுத்தோ கைநாட்டோ வைத்தனர். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டு எழுதிய 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடலில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். முதலாளியும் தொழிலாளியும் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை அவர் மதிக்கிறார். ஆனால் ஒப்பந்தத்துக்கும் மேலான நீதி ஒன்று உண்டு என்றும், வறுமைக்குப் பயந்து கடும் நிபந்தனையை ஏற்பவர் அநீதிக்கு ஆளாகிறார் என்றும் கற்பிக்கிறார். 2025ஆம் ஆண்டு பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, அம்மடலை நினைவில் கொண்டே அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதாகக் கூறியது நாம் அறிந்ததே.

இந்திய உச்சநீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணியில் ஈடுபட்ட தொழிலாளர் பற்றிய வழக்கில், 1982ஆம் ஆண்டு அது வழங்கிய தீர்ப்பு முக்கியமானது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அடி உதை மட்டும் கட்டாயமல்ல. வேறு வழியில்லாத வறுமையும் கட்டாயமே என்று நீதிமன்றம் விளக்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்க இசைந்தால், அதை அவருடைய விருப்பம் என்று சொல்லிவிட முடியாது.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே: மறுக்க வழியில்லாதவர் சொல்லும் 'சரி' சுதந்திரத்தின் குரல் அல்ல. நமது சுதந்திரம் நேர்மையானதா என்று அறிய, எதிரில் இருப்பவரால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டம் போட்ட எல்லை

தொழில் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு நமக்குத் தருகிறது. பொதுநலன் கருதி அதற்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்களை அடியோடு ரத்து செய்தது. 1985ஆம் ஆண்டு சில துணி வகைகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. இன்று அப்பட்டியலில் உள்ள 11 வகைகளில் சேலையும் ஒன்று. விசைத்தறி உரிமையாளர்கள் இதை எதிர்த்து வழக்காடினர். தங்கள் தொழில் சுதந்திரம் பறிபோவதாக அவர்கள் கருதினர். 1993ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. வலிமையுள்ளவரின் வாய்ப்புக்கு எல்லை போடுவதால் வலிமையற்றவரின் பிழைப்பு நிலைக்குமென்றால், அந்த எல்லை நீதியானது.

ஆனால் சட்டம் எட்டாத மூலைகளும் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். எனினும் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவ விலக்கு உள்ளது. வீட்டுக்குள் இருக்கும் தறியில் 'உதவி' எங்கே முடிகிறது, 'வேலை' எங்கே தொடங்குகிறது என்பதை எந்த அதிகாரி வந்து அளப்பார்? அங்கே மனச்சாட்சிதான் பேச வேண்டும்.

தாமே வகுத்துக்கொள்ளும் எல்லை

காஞ்சிபுரத்தை ஒட்டியுள்ள திருப்பருத்திக்குன்றம் ஒரு காலத்தில் சமணக் காஞ்சி எனப் பெயர் பெற்றது. பட்டுக்குப் புகழ்பெற்ற நகரின் ஓரத்தில், பெயரிலேயே பருத்தியைத் தாங்கி நிற்கும் ஊர் அது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் கூரை ஓவியங்களைக் காணப் பலரும் வருகின்றனர். சமண சமயம் துறவிகளுக்கு மட்டுமன்றி இல்லறத்தாருக்கும் ஐந்து நோன்புகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. 'இவ்வளவு எனக்குப் போதும்' என்ற அளவை இல்லறத்தார் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும். வேறொரு சமயத்தின் நெறியாயினும் நாம் இதில் கற்க வேண்டியது உண்டு. தனக்குத் தானே எல்லை வகுப்பவர் சுதந்திரத்தை இழப்பதில்லை. அதை நன்கு பயன்படுத்துகிறார்.

1953ஆம் ஆண்டு நெசவாளர்கள் துணி விற்காமல் வாடியபோது, காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவும் அவருடைய தோழர்களும் கைத்தறித் துணிகளைச் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். வாங்கியவர்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தங்கள் விருப்பத்தை அயலாரின் பசியோடு சேர்த்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சமூகத்துக்கும் எல்லை உண்டு

இங்கே மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். "நெசவாளர் பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை, பாரம்பரியம் அழிகிறதே" என்று நாம் கவலைப்படுகிறோம். அவர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். வேறு பலர் படித்து வேறு பணிகளுக்குப் போகின்றனர். காஞ்சிப் பட்டு 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் நம்முடைய பெருமைக்காக ஓர் இளைஞர் தன் விருப்பத்துக்கு மாறாகக் குழியில் கால்விட்டு உட்கார வேண்டுமா? முன்பணம் பிள்ளையைக் கட்டிப்போட்டது போலவே, பாரம்பரியம் என்ற பெயரும் கட்டிப்போடக் கூடாது.

தறி நிலைக்க வேண்டுமானால், அதில் உட்காருகிறவருக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் வலுப்பட வேண்டும். அப்போது ஒருவர் விரும்பியே நெசவைத் தேர்ந்துகொள்வார். அத்தகைய வாய்ப்பை உருவாக்குவதே சமூகத்தின் கடமை. தேர்வு செய்வது அவருடைய உரிமை.

நாம் செய்யக்கூடியவை

திருமணத்துக்குப் பட்டெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் இருக்கின்றனவா என்று கேட்போம். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்பவருக்கு நம் அலட்சியமே துணை போகிறது. நம் வீட்டிலோ கடையிலோ வேலை செய்கிறவருக்கு முன்பணம் கொடுத்தால், அதைச் சொல்லிக்காட்டி அவரைக் கட்டிவைக்காமல் இருப்போம். அவர் வேறு வேலைக்குப் போக விரும்பினால், கடனைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தர வழிவிடுவோம். அக்கம்பக்கத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று ஒதுங்காமல் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணை அழைப்போம்.

புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், உரிமை வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் அன்பினால் பணிபுரிய வேண்டும் என்கிறார். உரிமையையும் பணியையும் அவர் ஒரே மூச்சில் சொல்வதைக் கவனிப்போம். நம் கையில் பணமும் வாய்ப்பும் இருக்கும்போது, அது இல்லாதவருக்கும் 'முடியாது' என்று சொல்லும் துணிவு கிடைக்க நாம் என்ன செய்திருக்கிறோம்? இந்த வாரம் குடும்பமாக அமர்ந்து இக்கேள்வியைச் சிந்திப்போம்.