ஒரு கிளிக் ஷாப்பிங்: கொஞ்சம் தடை போடுவோம்

ஒரே கிளிக்கில் ஆர்டர் கொடுக்கும் முறைக்கு அமேசான் 1999ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 2017ல் அது காலாவதியானது. வாங்குபவருக்கு யோசிக்க நேரம் தராததுதான் இம்முறையின் பலம். பெரிய தளங்களிலேயே எல்லாவற்றையும் வாங்கும் பழக்கத்தைக் குறைக்க நினைத்தால், அந்த நேரத்தை நாமே உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

முதலில் தளத்தில் உங்கள் அக்கவுண்ட் பகுதிக்குச் சென்று, சேமித்துள்ள கார்டை நீக்கி விடுங்கள். (2022 அக்டோபர் முதல் இந்தியாவில் விற்பனைத் தளங்கள் முழு கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக உள்ள டோக்கன்தான் இப்படி நீங்கும்.) வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யவும்.

அடுத்து, விற்பவர் யார் என்று பாருங்கள். அமேசான், பிளிப்கார்ட் எல்லாம் இங்கே பெரும்பாலும் சந்தைகள்தான், விற்பவர் வேறொருவர். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவரது பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைத் தளம் காட்ட வேண்டும். பெயரைக் கிளிக் செய்து பாருங்கள். உங்கள் ஊர்க் கடையாகவே இருக்கலாம்! போன் செய்து நேரடி விலையைக் கேட்கலாமே.

ராம் மெமரியை மட்டும் கடையில்தான் வாங்கச் சொல்வேன். டிடிஆர்4 மதர்போர்டில் டிடிஆர்5 பொருந்தாது. சிபியுவைக் கையோடு கொண்டு போனால் மாட்டிப் பார்த்தே வாங்கலாம். சென்னை ரிச்சி தெரு தொலைவு என்றால், கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவரிடமே கேளுங்கள். விலை சற்றுக் கூடலாம். பில்லில் வாரண்டி காலத்தை எழுதி வாங்க மறக்காதீர்கள்.