சர்க்கரையைக் குடல் கண்டுபிடிக்கிறது

கூண்டுக்குள் ஒரு சுண்டெலி. எதிரே இரண்டு குப்பிகள். ஒன்றில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர்; மற்றதில் கலோரி இல்லாத அசிசல்ஃபேம்-கே என்ற இனிப்பூட்டி. எலி முதலில் இரண்டையும் ஒரே ஆசையோடுதான் குடிக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட சர்க்கரைக் குப்பியருகிலேயே கிடக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் சுக்கர் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இது.

என்னை அசரவைத்தது அடுத்த பகுதி. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியே இல்லாத எலிகளுக்கும் அவர்கள் இதே சோதனையை வைத்தார்கள். இனிப்பு என்றால் என்னவென்றே அறியாத அந்த எலிகளும் சர்க்கரைக் குப்பியைத்தான் தேடிப் போயின! அடையாளம் காட்டியது குடல். சிறுகுடலில் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் எஸ்ஜிஎல்டி-1 என்ற புரதம் இருக்கிறது. சர்க்கரை வந்த சேதி அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. சேதியை வாங்கும் நரம்பணுக்களை முடக்கியதும், எலிகளுக்குச் சர்க்கரை மீது அந்தத் தனிப் பிரியம் உண்டாகவில்லை. இனிப்பூட்டியோ இந்தப் பாதையைத் தட்டி எழுப்புவதே இல்லை.

அப்படியானால் அது பசியைக் கிளப்பிவிடுமா? தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 75 பேருக்குச் சர்க்கரை நீர், சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி கலந்த நீர், வெறும் தண்ணீர் மூன்றையும் தனித்தனி நாளில் கொடுத்துப் பார்த்து, 2025இல் முடிவை வெளியிட்டார்கள். சுக்ரலோஸ் குடித்தபோது, பசியைக் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் ரத்த ஓட்டம் கூடியது. சர்க்கரை நீர் குடித்த நாளைவிடப் பசியும் அதிகம். ஆனால் தண்ணீர் குடித்த நாளோடு ஒப்பிட்டால் பசியில் வித்தியாசமில்லை. பசி எடுக்கவைக்கிறது என்பதைவிட, பசியை ஆற்றவில்லை என்பதே சரி.

உடல் எடை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2023இல், எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்றது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. நீண்ட காலக் கணக்கெடுப்புகளில் இனிப்பூட்டியும் பருமனும் சேர்ந்தே தென்படுகின்றன. எடை கூடியவர்கள்தானே முதலில் டயட் பானத்துக்கு மாறுகிறார்கள்? எது காரணம், எது விளைவு என்று அதில் பிரிப்பது கடினம். அதனால்தான் நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். 641 பிள்ளைகள், 18 மாதம், தினம் 250 மில்லி பானம். சர்க்கரை உள்ளது எது, இனிப்பூட்டி சேர்த்தது எது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. வளரும் வயதில் எல்லோருக்கும் எடை கூடும். சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்குச் சராசரியாக 7.37 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 6.35 கிலோ.

அந்தத் தரவுகளைப் பின்னர் மறுபடி அலசியபோது இன்னொன்று தெரிந்தது. ஒல்லியான பிள்ளைகள், குறைந்துபோன கலோரியில் பெரும்பங்கை வேறு உணவில் தங்களை அறியாமலே ஈடுகட்டியிருந்தார்கள். ஏற்கெனவே எடை அதிகமாக இருந்த பிள்ளைகள் அவ்வளவாக ஈடுகட்டவில்லை. பானத்தை மாற்றியதில் அவர்களுக்குத்தான் அதிகப் பலன்.