சீசா தாங்குமா?

சாதாரண மெழுகுவத்தியில் உருகிய மெழுகு வழிந்து ஆறிவிடும். கண்ணாடிச் சீசாவில் ஊற்றிய மெழுகுவத்தியிலோ அது சுடரைச் சுற்றிக் குளமாகத் தேங்கி, தன் சூட்டைக் கண்ணாடியின் மேல் இறக்குகிறது. ஆகவே ஜாம், ஊறுகாய், காப்பித்தூள் தீர்ந்த சீசாக்களில் எது விளக்காகத் தாங்கும் என்று பார்ப்பதே முதல் வேலை. பலரும் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அவர்கள் கவனமெல்லாம் வாசனை எண்ணெயில் போய்விடுகிறது.

வாய் குறுகிய சீசா உதவாது. கொல்கத்தா ஜாதவ்பூரின் பெயர்பெற்ற சுலேகா மையின் புட்டிகளைப் போன்றவை அழகாகத்தான் இருக்கும். ஆனால் காற்று போதாமல் சுடர் புகைந்து கரி பிடிக்கும். கால் வைத்த கண்ணாடிக் கோப்பை கவிழும்.

கண்ணாடி வெறும் சூட்டால் உடைவதில்லை. ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் ஏறாதபோதுதான் உடைகிறது. சீசாக்களுக்கான சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் ஒரு மீட்டர் கம்பி செய்து 100 டிகிரி சூடேற்றினால் சுமார் 0.9 மி.மீ. நீளும். ஆய்வுக்கூடக் குடுவைகளின் போரோசிலிகேட் கண்ணாடி 0.33 மி.மீ.தான் நீளும். சீசாவின் உட்புறம் விரிய, வெளிப்புறம் இழுபடுகிறது. அழுத்தினால் தாங்கும் கண்ணாடி, இழுத்தால் தாங்காது. பழைய கீறல் ஒன்று இருந்தால் விரிசல் அங்கே தொடங்கும்.

சீசா பிறக்கும்போதே இப்படியோர் இழுப்பு உள்ளே உறைந்துவிடக்கூடும். அதைப் போக்கத்தான் தொழிற்சாலையில், வார்த்த சீசாவை ஏறக்குறைய 550 டிகிரியில் வைத்து மெல்ல ஆறவிடுகிறார்கள். சரியாக ஆறாத சீசாவில் உறைந்து நிற்கும் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைக் காண வழி உண்டு. மடிக்கணினியில் வெள்ளைத் திரையை வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியே பார்த்து, அந்தக் கண்ணாடியைத் திரை இருளும்வரை திருப்ப வேண்டும். இப்போது நடுவில் சீசாவைப் பிடித்தால், இழுப்புள்ள இடம் மட்டும் இருளில் வெளிச்சத் திட்டாக எழும். இழுப்பு மிகுந்தால் வண்ணப் பட்டைகளும் தெரியும். இப்படிப் பளிச்சென்று மின்னும் சீசாவை விளக்காக்காமல் அதில் பருப்பு போட்டு வைக்கலாம். கீறல்கள் இந்தச் சோதனையில் சிக்காது. அவற்றை நகத்தால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

மீதி வேலை எளிது. 200 மி.லி. சீசாவுக்கு 150 கிராம் பாரஃபின் மெழுகு போதும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 58–60 டிகிரியில் உருகும். மெழுகுப் பாத்திரத்தைக் கொதிநீரின் மேல் வைத்தே உருக்க வேண்டும். நேரடி அடுப்பில் மெழுகு ஆவியாகித் தீப்பிடிக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் தீ சிதறும். வெதுவெதுப்பான சீசாவில், திரியைக் குச்சியால் நடுவில் நிறுத்தி, சுமார் 70 டிகிரி சூட்டில் ஊற்ற வேண்டும். ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியருகே குழி விழும். அதை நிரப்ப இன்னொரு முறை கொஞ்சம் ஊற்ற வேண்டும்.

முதல்முறை ஏற்றும்போது குளம் சீசாவின் ஓரம்வரை பரவட்டும். பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் சுடர் அந்த வட்டத்துக்குள்ளேயே சுரங்கம் தோண்டிக்கொண்டு இறங்கும். அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே சூடு நேராக அடிக்கண்ணாடியில் ஏறும். மெழுகும் திரியின் தகரத் தட்டும் ஒட்டிய சீசாவைப் பழைய பாட்டில் வாங்குபவரும் தொடமாட்டார். அப்படியே குப்பையில் எறிந்துவிட்டு மறுபயன்பாடு என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. சில மணி நேரம் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் மெழுகு சுருங்கிக் கட்டியாகக் கழன்றுவிடும்; அடுத்த உருக்கலுக்கு அதுவும் ஆகும். எடுத்தவுடன் சீசாவில் வெந்நீர் ஊற்றக்கூடாது.