கறுப்புக் கண்ணாடி எல்லாம் கண்ணைக் காக்காது
மீன் வளர்ப்போரும் மீன் பிடிப்போரும் கவனிக்க வேண்டியவை

காலை 10 மணிக்கு மேல் பண்ணைக்குட்டைக் கரையில் நின்றால் தண்ணீருக்குள் எதுவும் தெரியாது, பளபளப்புதான் தெரியும். மீன் தீவனத்துக்கு வருகிறதா, அடியில் பாசி படர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. தூண்டில் போடுவோருக்கும் படகில் போவோருக்கும் இதே தொல்லைதான். உடனே சந்தையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்கிறோம். அது கண்ணைக் காக்கிறதா என்று பார்ப்பதில்லை.

மூன்றும் வெவ்வேறு

கண்ணாடியின் நிறம், போலரைஸ்டு படலம், புற ஊதாக் கதிர் தடுப்பு ஆகிய மூன்றும் தனித்தனி. நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும். போலரைஸ்டு படலம் நீர்மட்டத்தில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை வெட்டும். சாய்வாகத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிர்கிறது. அதைத்தான் இந்தப் படலம் தடுக்கிறது. நீர்மட்டத்தில் இருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது பலன் அதிகம். நேர் கீழே பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.

கண்ணுக்கு முக்கியமானது புற ஊதாத் தடுப்பு. இது இல்லாத கறுப்புக் கண்ணாடி போட்டால், இருட்டில் கண்ணின் பாவை விரிந்து, கூடுதல் கதிர் உள்ளே போக வழியாகிவிடும். பல ஆண்டுகள் வெயிலில் வேலை செய்வோருக்குக் கருவிழி மேல் சதை வளர்வதற்கும், கண்புரைக்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். எனவே 'யு.வி. 400' என்று குறிப்பிட்ட கண்ணாடியையே வாங்க வேண்டும்.

எந்த நிறம்?

* சாம்பல்: நிறங்களை மாற்றாமல் காட்டும். கடலுக்கும் உச்சி வெயிலுக்கும் ஏற்றது.
* பழுப்பு, செம்பு: பொருளைப் பின்னணியில் இருந்து பிரித்துக் காட்டும். குளம், ஆறு, ஆழம் குறைந்த நீருக்கு நல்லது.
* மஞ்சள்: விடியல், மாலை, மேகமூட்டத்துக்கு மட்டும். உச்சி வெயிலுக்குப் போதாது.

வெயில் வேலைக்கு 3-ம் வகைக் கண்ணாடி போதும். இது 8 முதல் 18 சதவீத ஒளியை உள்ளே விடும். 4-ம் வகை இன்னும் இருட்டானது. அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது.

வாங்கும்போது சோதனை

கடையில் இரண்டு போலரைஸ்டு கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மட்டும் மெல்லத் திருப்பவும். குறுக்காக வரும்போது கறுத்துப்போனால் இரண்டும் அசல். கறுக்கவில்லை என்றால் ஏதோ ஒன்றில் படலம் இல்லை. புற ஊதாத் தடுப்பைக் கண்ணால் அறிய முடியாது. ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், அளக்கும் கருவி உள்ள கண்ணாடிக் கடையில் காட்டவும்.

தூண்டில் முள்ளும் ஈயக் குண்டும் தெறிக்கும் இடங்களில் பாலிகார்பனேட் லென்ஸ் பாதுகாப்பானது. பக்கவாட்டிலும் மூடும் வடிவம் இருந்தால், ஓரத்தில் நுழையும் வெளிச்சமும் குறையும். பவர் கண்ணாடி அணிவோர் அதன் மேல் மாட்டும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

கழற்ற வேண்டிய நேரம்

குளத்து நீரின் நிறத்தைப் பார்க்கும்போது கண்ணாடியைக் கட்டாயம் கழற்றவும். பழுப்பு லென்ஸ் வழியே பார்த்தால் பச்சை நீரின் நிறமே மாறித் தெரியும். உரமும் தீவனமும் தவறாகக் கணக்கிட நேரும். செக்கி தட்டால் நீரின் தெளிவை அளக்கும்போதும் வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றனவா என்று பார்க்கவும் இருண்ட கண்ணாடி வேண்டாம். படகில் ஜி.பி.எஸ். திரை கறுத்துத் தெரிந்தால், தலையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்.

கலங்கிய நீரில் எந்தக் கண்ணாடியும் மீனைக் காட்டாது. அது பளபளப்பைத்தான் நீக்கும், சேற்றை அல்ல.

உப்பு நீர் பட்ட கண்ணாடியை உடனே துடைத்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மென்மையான துணியால் துடைக்கவும். கழுத்துக் கயிறு கட்டினால் தண்ணீருக்குள் விழாது. அகலமான விளிம்புள்ள தொப்பியும் சேர்ந்தால் கண்ணுக்கு இன்னும் நல்லது.