15 விதைகளுடன் ஒரு தோட்டம்

வீடியோ விளையாட்டு என்றதும் எமது பெண்களிற் பலருக்கு நினைவுக்கு வருவது, பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் கைத்தொலைபேசியில் யாரையோ சுட்டுக்கொண்டிருக்கும் காட்சிதான். அந்தச் சத்தமே வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லும் தாய்மாரை என் வேலையில் அடிக்கடி சந்திக்கின்றேன். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எனினும் எல்லா விளையாட்டுக்களும் அப்படிப்பட்டவை அல்ல. தோட்டம் செய்கின்ற விளையாட்டும் இருக்கின்றது. என் அக்காவின் மகள் காட்டித்தந்து நானும் விளையாடிப் பார்த்த அதைப் பற்றி, புதிதாகத் தொடங்க விரும்பும் சகோதரிகளுக்காக எழுதுகின்றேன்.

அதன் பெயர் ஸ்டார்டியூ வேலி. (வேலி என்பது இங்கே பள்ளத்தாக்குக்கான ஆங்கிலச் சொல். எல்லைச் சண்டைக்குக் காரணமாகும் எங்கள் வேலி அல்ல.) அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்த எரிக் பரோன் என்ற இளைஞர், படம், இசை, கதை எல்லாவற்றையும் தனி ஆளாக நாலரை வருடங்கள் இருந்து செய்து 2016 பெப்ரவரியில் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அவர் ஒரு திரையரங்கில் பகுதிநேர வேலை பார்த்தார், வீட்டுச் செலவை அவருடைய துணைவியின் உழைப்பும் தாங்கியது. 2024 ஆம் ஆண்டின் முடிவில் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியிருந்தன.

இந்த வகையை ‘சான்ட்பொக்ஸ்’, அதாவது மணற்பெட்டி விளையாட்டு என்கின்றார்கள். மணற்கும்பியில் இருக்கும் பிள்ளைக்கு இன்னதுதான் கட்டு என்று எவரும் சொல்வதில்லை அல்லவா? அதைப் போல இங்கும் இதை முடித்தால்தான் அடுத்தது என்ற கட்டாயம் குறைவு. அத்துடன் இது பாத்திரமேற்று விளையாடுவது. நீங்கள் ஒரு பெண்ணையோ ஆணையோ உருவாக்கிப் பெயர் வைத்து, அவராகவே அந்த ஊரில் வாழ்கின்றீர்கள். பிள்ளைகள் தாயாகவும் கடைக்காரராகவும் நடித்து விளையாடுவதன் மூலமே மற்றவர் நிலையில் நின்று பார்க்கப் பழகுகின்றார்கள் என்று ஜோர்ஜ் ஹேர்பேட் மீட் சொன்னதைப் பல்கலைக்கழகத்தில் படித்தோம். வளர்ந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கின்றேன்.

கதை இதுதான். பெரிய நிறுவனமொன்றில் மேசை வேலை செய்து களைத்துப்போன ஒருவருக்குக் காலஞ்சென்ற பாட்டனார் ஒரு தோட்டத்தை விட்டுச் சென்றிருக்கின்றார். போய்ப் பார்த்தால் புல்லும் கல்லும் விழுந்த மரங்களும் காணியை மூடிக்கிடக்கின்றன. ஒரு சின்ன வீடு, கையில் 500 காசு, ஊர்த் தலைவர் தரும் 15 விதைகள், ஐந்து கருவிகள். மீள்குடியேறிக் காணி துப்புரவாக்கிய எவருக்கும் அந்த முதற் காட்சி பழக்கமானது. ஒரு வித்தியாசம், இங்கே யாரும் முதலில் வந்து கண்ணிவெடி பார்த்துச் சொல்லத் தேவையில்லை. கல் வெறும் கல்தான்.

புதியவர்கள் பெரும்பாலும் முதல் நாளே முழுக் காணியையும் வெட்டி வெளியாக்கப் பார்க்கின்றார்கள். அது வேண்டாம். உங்கள் பாத்திரத்துக்கு ஒரு நாளைக்கு 270 அளவு சக்திதான் உண்டு. மண்வெட்டியை ஒருமுறை போட்டால் 2 குறையும், பூவாளியால் ஒருமுறை நீர் விட்டால் இன்னொரு 2. ஆகவே 15 விதைகளை நட்டு நீர் ஊற்றவே 60 போய்விடும். மிச்சத்தில் வீட்டு வாசலைச் சுற்றிக் கொஞ்சம் துப்புரவாக்கினால் போதும். 50 மரத்துண்டு சேர்ந்ததும் ஒரு பெட்டி செய்து சாமான்களை அதில் வையுங்கள். மூலையிலுள்ள மரங்கள் அப்படியே நிற்கட்டும், அவற்றால் ஒரு நட்டமும் இல்லை.

அந்த 15 விதைகளும் பார்ஸ்னிப் என்ற, வெள்ளைக் கரட் போன்ற கிழங்கு. நாலு நாளில் விளையும். ஒன்று 35 காசுக்குப் போகும், கடையில் அதன் விதை 20. உருளைக்கிழங்கு விதை 50, ஆறு நாள். கோலிபிளவர் விதை 80, பன்னிரண்டு நாள் காத்திருந்தால் 175 கிடைக்கும். இந்த இடத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பருவத்துக்கு 28 நாட்கள்தான். பருவம் மாறிய காலையில் வசந்தகாலப் பயிர் முழுவதும் பட்டுப்போய்க் கிடக்கும். 16 ஆம் நாளுக்குப் பிறகு கோலிபிளவர் நடுவது காசை மண்ணில் போடுவதுதான். போகம் பார்த்து நட்டுப் பழகிய பெண்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கைத்தொலைபேசியைத் தொடவே தயங்கிய ஒரு அம்மா, இந்தக் கணக்கை என் மருமகளுக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டார்.

கையிலுள்ள 500 ஐயும் ஒரே நாளில் விதையாக்க வேண்டாம். காலையில் நீர் விட்டு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் நடுங்கள். மழை நாளில் நீர் விடத் தேவையில்லை, அதை முதல்நாளே வீட்டிலுள்ள தொலைக்காட்சி சொல்லிவிடும். பயிர் கூடினால் காகம் வரும், வெருளி வைக்க வேண்டும். ஊரின் விதைக்கடை புதன்கிழமைகளில் பூட்டு. காசு முடிந்தால் காட்டு வழியில் முளைத்திருக்கும் பூ, கிழங்கு, லீக்ஸ் ஆகியவற்றைப் பொறுக்கி விற்கலாம். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது காசு வந்திருக்கும். இடைத்தரகர் இல்லை, நிறை குறைப்பும் இல்லை. கடன் கொடுப்பவரும் இந்த ஊரில் கிடையாது. வீட்டைப் பெருப்பிக்க 10,000 காசும் மரமும் சேர்த்துக்கொண்டுதான் ரொபின் என்ற பெண் தச்சரிடம் போக வேண்டும். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரரைத் தெரிந்த எங்களுக்கு இது எவ்வளவு பெரிய கற்பனை என்பது விளங்கும்.

ஐந்தாம் நாளளவில் சுரங்கம் திறக்கும். அங்கே வாளால் அடிக்க வேண்டிய சில பிராணிகள் உண்டு. விருப்பமில்லாதவர் பிந்திப் போகலாம், தோட்டத்தை வைத்தே நீண்ட காலம் நடத்தலாம்.

இனி, எமது வாசகிகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய விடயம். அந்த ஊரில் ஜோடி என்றொரு தாய் இருக்கின்றார். கணவர் கென்ட் போருக்குப் போய்விட, இரண்டு ஆண் பிள்ளைகளுடன் வீட்டைத் தனியாகக் கொண்டு நடத்துபவர். முதலாம் வருடத்தில் ஒரு காட்சியில், கடற்கரையில் சின்னவன் தமையனிடம் தகப்பனைப் பற்றிப் பயத்துடன் கேட்பான். இரண்டாம் வருடத்தின் முதல் நாளில் கென்ட் ஊருக்குத் திரும்பி வருகின்றார். ஆனால் பழைய மனிதராக அல்ல. மனைவி அடுப்பில் சோளம் பொரிக்கும் சத்தம் கேட்டு அவர் நிலைகுலைந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. ஷேன் என்ற இன்னொருவரின் கதையில் குடியும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வருகின்றன. இவற்றை உண்மையாகவே செய்திருக்கின்றார்கள் என்பது என் அபிப்பிராயம். உண்மையாக இருப்பதனாலேயே முன்கூட்டிச் சொல்கின்றேன்.

எமது தையல் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர், கணவரை இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர். அவர் தன் மகளின் கைத்தொலைபேசியில் இரண்டாம் வருடம் வரை விளையாடியிருக்கின்றார். கென்ட் வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் அவர் போவதில்லை. கடைக்குப் போகும்போதும் அந்த வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போகின்றார். “போகாட்டில் ஒண்டும் குறையாது தானே பிள்ளை?” என்று என்னிடம் கேட்டார். குறையாது அக்கா என்றேன். கோவாவும் விளையும், கோழியும் முட்டையிடும். எந்தக் கதவைத் தட்டுவது என்பது விளையாடுபவரின் விருப்பம். மணற்பெட்டியில் எனக்குப் பிடித்ததும் இதுதான்.

குறையும் உண்டு. ஜப்பான், கொரிய, துருக்கிய மொழிகளில் எல்லாம் வந்திருக்கும் இந்த விளையாட்டு தமிழில் இல்லை. கருவிகளும் பயிர்களும் படமாகத் தெரிவதால் தோட்ட வேலைக்குத் தடையில்லை. ஊரவர் பேசுவதை வாசிக்க ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது, பிள்ளையின் ஆங்கிலத்துக்கும் நல்லது. ஒருமுறை காசு கொடுத்து வாங்க வேண்டும். அதன் பிறகு விளம்பரமோ இடையிற் காசு கேட்பதோ இல்லை, இறக்கிய பின்னர் இணையமும் தேவையில்லை. இலவசம் என்று சொல்லிப் பின்னர் வைரக்கல் வாங்கு, நாணயம் வாங்கு என்று நச்சரிக்கும் தோட்ட விளையாட்டுக்கள் நிறைய உள்ளன, அவற்றில் கவனமாயிருங்கள்.

இன்னுமொன்று. விளையாட்டின் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு கழிந்து 2 மணி வரை போகும். எங்கள் கணக்கில் அது ஏறத்தாழ 14 நிமிடம். 2 மணிக்கு முன் கட்டிலுக்குப் போகாவிட்டால் மயங்கி விழுந்து கொஞ்சக் காசு தொலையும். படுத்து எழும்பினால் அன்று செய்த வேலை பதிவாகும். இடையில் உலை பொங்கினால் மேல்மூலையிலுள்ள பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு எழும்புங்கள், திரும்பி வரும் வரை அந்த ஊரில் நேரம் ஓடாது.