ஓர் இசைக்குழுவின் பருவம் உருவாகும் விதம்

இந்திய சிம்பொனி இசைக்குழு, மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. குஷ்ரூ சன்டூக்கும் கசகஸ்தானைச் சேர்ந்த வயலின் கலைஞர் மராத் பிசென்கலியெவும் இதன் நிறுவனர்கள். இந்தியாவின் முதல் தொழில்முறை சிம்பொனிக் குழுவான இது, ஆண்டு முழுதும் முழு அளவில் மேடையேறுவதில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒன்று, செப்டெம்பரை ஒட்டி மற்றொன்று எனப் பொதுவாக இரண்டு பருவங்கள். ஒவ்வொன்றிலும் சில வாரங்களுக்குள் பல கச்சேரிகள் நடந்து முடிகின்றன.

இப்படி ஒரு காலத்துக்குள் அடக்குவதற்கு முதல் காரணம் ஆள்தொகை. பெரிய சிம்பொனி ஒன்றை வாசிக்க எண்பது முதல் நூறு கலைஞர்கள் வேண்டும். அவர்களில் பாதிக்கு மேல் வயலின், வியோலா, செலோ, டபுள் பேஸ் ஆகிய தந்தி வாத்தியக்காரர்கள். மும்பையிலேயே தங்கி வாசிப்போர் ஒரு பகுதியினர்தான். மற்றவர்கள் பருவத்துக்கென்று வெளிநாடுகளிலிருந்து வருகிறார்கள். ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே முழுநேரக் குழுக்கள் செப்டெம்பரில் தொடங்கி அடுத்த கோடை வரும்வரை வாராவாரம் வாசிக்கின்றன.

கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகர் சபையின் மனநிலை பார்த்து அடுத்த கீர்த்தனையை மேடையிலேயே மாற்றலாம். பக்கவாத்தியக்காரர் ஒத்திகை இல்லாமலே கூட வந்துவிடுவார். எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்தச் சுதந்திரம் கிடையாது. என்ன வாசிப்பது என்பது பல மாதங்களுக்கு முன்பே, பெரிய குழுக்களில் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே, தீர்மானமாகி அச்சேறிவிடுகிறது. வழக்கமான அமைப்பு இது: முதலில் பத்து நிமிட அளவில் ஒரு முன்னிசை, அடுத்து தனிக்கலைஞர் ஒருவர் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் கொன்செர்ட்டோ, இடைவேளைக்குப் பின் ஒரு முழு சிம்பொனி. எல்லாக் கச்சேரியும் இதற்குள் அடங்காது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டுமே ஏறத்தாழ எழுபது நிமிடம் ஓடும். அதற்குப் பாடகர் குழுவும் நான்கு தனிப்பாடகர்களும் வேண்டும்.

உண்மையான உழைப்பு ஒத்திகையில் இருக்கிறது. ஒவ்வொரு கலைஞரின் முன்னும் அவருடைய பங்கு மட்டும் எழுதிய தாள் இருக்கும்; முழு இசையும் எழுதப்பட்ட ஏடு நடத்துநரிடம் மட்டுமே உண்டு. வில்லை எங்கே மேலே இழுப்பது, எங்கே கீழே இழுப்பது என்பதைத் தலைமை வயலின் கலைஞர் முடிவுசெய்து தாள்களில் குறிப்பிடுகிறார். முப்பது வில்கள் ஒரே திசையில் அசைவது கண்ணுக்கு அழகு என்பதற்காக மட்டுமல்ல. வில்லின் திசை மாறினால் ஒலியின் அழுத்தமே மாறிவிடும். தப்பின் அடி மாறும்போது ஆட்டத்தின் அடவும் மாறுவதைப் போல, நடத்துநரின் கையசைவில் முழுக் குழுவின் வேகமும் வலிமையும் மாறும். அந்த ஒத்திசைவுக்காகவே பல நாட்கள் அமர்ந்து வாசிக்கிறார்கள். கச்சேரி தொடங்குமுன் ஓபோ என்னும் குழல் வாத்தியம் தரும் ஒரு சுரத்துக்கு எல்லோரும் சுருதி சேர்ப்பார்கள்.

கேட்க வருவோருக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டது. நடுவே வரும் மௌனம் முடிவு அல்ல. கைதட்டலை நான்காம் பகுதி முடியும்வரை வைத்திருப்பது இன்றைய மரபு.

இந்த மேடை நம்மவருக்கு அந்நியமானதும் அல்ல. மும்பையில் 1936இல் பிறந்த சுபின் மேத்தா, 1978 முதல் 1991 வரை நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவை நடத்தினார். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம், தம் படைப்பொன்றை 1985இல் மேத்தாவின் தலைமையில் அதே குழுவோடு வாசித்தார். சாகிர் உசேனின் தபேலா கொன்செர்ட்டோவை 2015இல் மும்பைக் குழு முதன்முதலாக வாசித்தது. 2025 மார்ச் 8ஆம் திகதி, இளையராஜாவின் முதல் சிம்பொனியை இலண்டனில் றோயல் பில்ஹார்மோனிக் குழு அரங்கேற்றியது. பண்ணைப்புரம் என்ற தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் எழுதியதை அந்தக் குழு வாசித்தது பெருமைக்குரிய நிகழ்வு.

இலங்கையில் சிம்பொனி இசைக்குழு 1958 முதல் இயங்குகிறது. அதன் கச்சேரிகள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே நடக்கின்றன. மலையகத்துக்குத் தனக்கென ஓர் இசைப்பருவம் உண்டு. மாசியில் காமன் ஊன்றி, விடியவிடியத் தப்பு முழங்கும் காமன் கூத்து அது. இறம்பொடை போன்ற தோட்டப் பகுதிகளில் தாளம் பிள்ளைகளுக்குப் பிறப்பிலிருந்தே பழக்கம். ஆனால் செலோவின் ஒலியை நேரில் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அதற்காக நூறு பேர் கொண்ட குழு கொத்மலை மலைப்பாதையில் ஏறி வர வேண்டியதில்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என நால்வர் போதும். தோட்டப் பாடசாலை மண்டபம் ஒன்றே அரங்காகும். கொழும்பில் அடுத்த பருவத்தின் நிகழ்ச்சி நிரலை வகுப்போர், மலையகப் பாடசாலைகளுக்கு அப்படி ஒரு நாளையாவது ஒதுக்க வேண்டும்.